இரண்டு தலையணை

பொறாமைப்படுவதற்கு உலகத்தில் எவ்வளவோ இருக்கிறது. அடுத்தவளுடைய வீடு, அடுத்தவளுடைய நிறம், அடுத்தவளுடைய பிள்ளை வாங்கிய மார்க்கு. தையல்காரம்மாவுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது இன்னொருத்தியின் நெஞ்சுக்குள் கேட்ட ஒரு சத்தத்தை நினைத்து. சிரிப்பு வருகிறதா? கொஞ்சம் பொறுங்கள், முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரிக்கலாம்.

நகரத்தின் நடுவில், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெரிய ஆஸ்பத்திரி அது. அங்கே வைத்தியமும் படிப்பும் ஒரே கட்டிலில்தான் நடக்கும். காய்ச்சல் என்று போய்ப் படுத்தால் ஒரு டாக்டர் பார்ப்பார், அவர் பின்னால் பத்து வெள்ளைக் கோட்டு எட்டிப் பார்க்கும். நாக்கை நீட்டச் சொல்லி ஒருத்தர் கேட்டால், பத்துப் பேருக்கும் நீட்ட வேண்டும். பாதிப் பேருக்கு இது எரிச்சல். 'நான் என்ன கண்காட்சியா?' என்று கத்திவிட்டுப் போனவர்களும் உண்டு. தையல்காரம்மா அந்த ரகம் இல்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் மூச்சு வாங்குகிறது என்று முதன்முதலாக அங்கே போனாள். இதயப் பிரிவின் தலைவர், எல்லோரும் பெரிய டாக்டர் என்பார்கள், அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆஹா" என்றார். அவளைப் பார்த்து யாரும் அதுவரை ஆஹா என்று சொன்னதில்லை. கல்யாணத்தன்றுகூட மாப்பிள்ளை, "வெயில் அதிகம்" என்று மட்டும்தான் சொன்னார்.

விஷயம் இதுதான். சின்ன வயதில் வந்த ஏதோ ஒரு காய்ச்சல் அவள் இதயத்துக்குள் இருந்த வால்வு ஒன்றைத் தடிக்க வைத்துவிட்டுப் போயிருந்தது. விரியத் திறக்க வேண்டிய கதவு பாதிதான் திறந்தது. அந்தச் சந்தில் ரத்தம் நெருக்கியடித்துக்கொண்டு போகும்போது, தூரத்தில் லாரி உருளுகிற மாதிரி ஒரு சத்தம். டாக்டர்கள் அதை மர்மர் என்பார்கள். மாத்திரையில் ஓட்டலாம், வருஷத்துக்கு ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும், என்றைக்காவது ஆபரேஷன் தேவைப்படலாம் என்றார் பெரிய டாக்டர். அதோடு, "புத்தகத்துல எழுதியிருக்கிற மாதிரியே அப்படியே கேக்குதும்மா. எங்க பசங்களுக்குப் பரீட்சை வரும்போது கூப்பிட்டா வருவீங்களா?" என்று கேட்டார். வருகிறேன் என்றாள்.

அன்றிலிருந்து அந்தத் துறையில் கொடிகட்டிப் பறந்தாள். பரீட்சைக்குப் பரீட்சை அவளுக்குப் போன் வரும். கடைக்கதவில் 'இன்று தையல் இல்லை' என்று அட்டையை மாட்டிவிட்டு, பெட்டியில் மடித்து வைத்திருக்கும் நல்ல உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஜன்னலோரக் கட்டில் அவளுடையது. பரீட்சை எழுதும் பையனோ பெண்ணோ வந்து உட்கார்ந்து, என்ன செய்கிறது, எப்போதிலிருந்து செய்கிறது என்று கேட்டு, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டு, நோய் இன்னது என்று கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம் பரீட்சகர்கள் வந்து அந்தப் பிள்ளையைக் குடைந்து எடுப்பார்கள். தையல்காரம்மா வாயைத் திறந்து விடையைச் சொல்லமாட்டாள், அதில் அவள் மகா கண்டிப்பு. ஆனால் மரியாதையாகப் பேசுகிற பிள்ளையாக இருந்தால், சத்தம் நன்றாகக் கேட்கும் இடதுபக்கம் தானாகவே ஒருக்களித்துப் படுத்துக்கொடுப்பாள். கோட்டில் பொத்தான் தொங்கினால் பரீட்சை முடிந்ததும் கூப்பிட்டுத் தைத்தும் கொடுப்பாள்.

ஒரே ஒரு நிபந்தனைதான் பெரிய டாக்டர் போட்டது. "நீங்க சொல்ற கதை மாறக் கூடாதும்மா. காலைல வர்ற பையனுக்கு ஒண்ணு, மத்தியானம் வர்ற பொண்ணுக்கு ஒண்ணுன்னு சொன்னீங்கன்னா மார்க்கு போடறதுல குழப்பம் வந்துரும். நாங்க முன்னாடியே உங்க கதையை வச்சுத்தான் விடை தயார் பண்ணி வச்சிருப்போம்." அவ்வளவுதானே என்று மனப்பாடம் செய்துகொண்டாள். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். கால் வீக்கம் இல்லை. இருமல் எப்போதாவது. எத்தனை தலையணை வைத்துப் படுப்பீர்கள் என்று கேட்டால், இரண்டு. தட்டையாகப் படுக்க முடியாமல் எத்தனை தலையணை தேவைப்படுகிறதோ அதை வைத்துத்தான் இதயம் எவ்வளவு திணறுகிறது என்று டாக்டர்கள் கணக்குப் போடுவார்களாம். அவளுடைய விடை இரண்டு. எந்த வருஷமும், எந்தப் பிள்ளைக்கும், இரண்டு.

வீட்டில் யாரும் அவளை இத்தனை கேள்வி கேட்டதில்லை. புருஷன் ராத்திரி பஸ் ஓட்டுகிறவர். அவர் வேலை முடிந்து வருகிற நேரத்தில் இவள் கடை திறக்கப் போய்விடுவாள். நல்ல மனுஷர், வாய்தான் கிடையாது. மகள் வேறு ஊரில் குடித்தனம் பண்ணுகிறாள். போன் செய்தால் தன் மாமியாரைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிவிட்டு, "சரிம்மா, வச்சிடறேன்" என்பாள். ஆஸ்பத்திரியிலோ இவள் பேசாமல் படுத்துக் கிடந்தாலும் குனிந்து காது கொடுத்துக் கேட்டார்கள். அந்த சுகத்துக்கு அவள் அடிமையாகிவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது குறுக்கே வந்து சேர்ந்தாள் ஒருத்தி.

சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். முப்பது வயதுதான் இருக்கும். போன வருஷம் அதே மூச்சு, அதே வால்வு, அதே மர்மர் என்று வந்து நின்றாள். தையல்காரம்மா மாத்திரை வாங்கப் போயிருந்த நாள் அது. பக்கத்துத் திரைக்குப் பின்னால் பெரிய டாக்டரின் குரல் கேட்டது. "வாங்க, வாங்க, எல்லாரும் கேளுங்க. இந்த மாதிரி சத்தம் இனிமே கிடைக்காது." உடனே செருப்புச் சத்தம். தையல்காரம்மாவின் முன்னால் நின்றுகொண்டிருந்த மூன்று மாணவர்களும், "ஒரு நிமிஷம்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் ஓடினார்கள். அவள் மேல்பொத்தானைத் தானே போட்டுக்கொண்டாள்.

'இனிமே கிடைக்காதாம். அப்போ இத்தனை வருஷமா என் நெஞ்சுல கேட்டது என்ன, கொசுவா?'

அன்று வீட்டுக்கு வந்தவள் ஒரு கால்சட்டையின் காலை இரண்டு விரற்கடை அதிகமாக வெட்டிவிட்டாள்.

அதற்கப்புறம் எல்லாமே கண்ணில் குத்தியது. அடுத்த பரீட்சையில் ஜன்னலோரக் கட்டில் புதுசுக்குப் போய்விட்டது. புதுசு என்றுதான் மனசுக்குள் அவளுக்குப் பேர் வைத்திருந்தாள். இவளுக்குக் கிடைத்தது கதவோரம், கழிப்பறைக்குப் போகிறவர்கள் எல்லாம் இடித்துவிட்டுப் போகிற கட்டில். சரி, கட்டிலில் என்ன இருக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அந்தப் புதுசுக்கு ஒழுங்காக ஒரு நோயாளியாக இருக்கக்கூடத் தெரியவில்லையே! ஒரு பையனிடம் இரண்டு தலையணை என்றாள். அடுத்த பெண்ணிடம், "போன வாரம் மூணு ஆயிடுச்சு டாக்டர்" என்றாள். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள். நடுவில் அழுதாள். பரீட்சகர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் எல்லோரும் அவள் பக்கம்தான் போனார்கள். சத்தம் அப்படி. திறமை இல்லாதவளுக்கு வந்து வாய்க்கிறதே என்று தையல்காரம்மாவுக்குள் புகைந்தது.

அதிலும் கொடுமை, புதுசு ரொம்ப நல்லவள். "அக்கா, அக்கா" என்று பின்னாலேயே வந்தாள். அக்காவுக்கு வெந்நீர் வேண்டுமா என்று கேட்டாள். கெட்டவளாக இருந்திருந்தால் வெறுப்பதற்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

இந்த ஒரு வருஷத்தில் தையல்காரம்மாவின் உடம்பு கீழே இறங்கிக்கொண்டே வந்தது. மிஷின் மிதித்தாலே மூச்சு வாங்கியது. கணுக்கால் வீங்கியது, நீளமான காலுறை போட்டு மறைத்தாள். இரண்டு தலையணை மூன்றாயிற்று, மூன்று நான்காயிற்று. கடைசியில் தலையணையை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிக்கொண்டாள். புருஷனுக்கு ராத்திரி வேலை என்பதால் அதைப் பார்க்க வீட்டில் ஆள் கிடையாது.

மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும்போது சின்ன டாக்டர் ஒருத்தர் கேட்பார். "எத்தனை தலகாணி?" "ரெண்டு." வாய் தானாகச் சொல்லிவிடும். முதலில் பழக்கத்தில்தான் சொன்னாள். பிறகு தெரிந்தேதான் சொன்னாள். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? ஆபரேஷன் என்பார்கள். வால்வை மாற்றிவிட்டால் சத்தம் போய்விடும். சத்தம் போன நெஞ்சை எவன் வந்து கேட்கப்போகிறான்? புதுசு ஒருத்தியே ராஜ்ஜியம் பண்ணிக்கொண்டு கிடப்பாள். 'அவளுக்கு விட்டுக்கொடுத்துட்டுப் போறதா? நானா?' வருஷ ஸ்கேனுக்கும் ஏதேதோ சாக்கு. கடையில் வேலை குவிந்து கிடக்கிறது, மகள் வருகிறாள், பஸ் கிடைக்கவில்லை. எடுத்தாகிவிட்டது, வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று ஒரு தடவை வாய் கூசாமல் பொய்யும் சொன்னாள்.

இந்த வருஷப் பரீட்சைக்கு, நோயாளிகளை முதல் நாளே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். புதுசுக்கு ஜன்னலோரம், தையல்காரம்மாவுக்கு அதற்கு அடுத்த கட்டில். வந்து உட்கார்ந்ததும் புதுசு முகமெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

"அக்கா, எனக்கு ஆபரேஷனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. வர்ற திங்கக்கிழமை. வால்வை மாத்திட்டா அப்புறம் ஓடலாமாம், குதிக்கலாமாம்."

"சத்தம் போயிடுமே."

"போய்த் தொலையட்டும்க்கா! சனியன், படுத்தா என் காதுக்குள்ளயே கேக்குது."

தையல்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தங்கத்தைக் குப்பையில் கொட்டுகிறவளைப் பார்க்கிற மாதிரி இருந்தது. ஆனாலும் உள்ளே ஒரு குளிர்ச்சி. திங்கட்கிழமையோடு இவள் கதை முடிந்தது, ஜன்னல் மறுபடியும் நமக்குத்தான். அந்த மத்தியானம் புதுசு கொடுத்த வெந்நீரைக்கூட வாங்கிக் குடித்தாள்.

சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும்தான். சின்ன டாக்டர் அவசர அவசரமாக வந்து இரண்டு பேர் நெஞ்சிலும் குழாயை வைத்துப் பார்த்தார். புதுசிடம் தலையை ஆட்டினார். தையல்காரம்மாவிடம் நெற்றியைச் சுருக்கினார். இன்னொரு தடவை வைத்தார். கூட வந்தவரிடம் திரும்பி, அவள் காதுபடவே, "இவங்க சத்தம் ரொம்பக் கம்மியாயிடுச்சு. பரீட்சைக்குத் தேறாது போலிருக்கே" என்றார். அந்தப் பக்கமாக வந்த பெரிய டாக்டர், "பாவம், பழைய ஆளு. வந்தாச்சு, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

தேறாது. பாவம். பழைய ஆளு. மூன்று வார்த்தையும் மூன்று ஊசி மாதிரி இறங்கியது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அழவில்லை. பொறாமை முற்றினால் அழுகை வராது, யோசனைதான் வரும்.

யோசனையும் வந்தது. சத்தம் சரியாகக் கேட்காத நாட்களில் டாக்டர்களே ஒரு வித்தை செய்வார்கள். நோயாளியைக் கொஞ்ச நேரம் எழுந்து உட்கார்ந்து, படுத்து, நடந்துவரச் சொல்வார்கள். இதயம் வேகமாக அடிக்கும், சத்தம் எழும்பும். எத்தனையோ தடவை அவளையே செய்யச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலையில் நீர் பிரிய வைக்கிற மாத்திரையைக் கொண்டுவந்து நர்ஸ் கொடுத்தாள். பரீட்சைக்கு நடுவில் கழிப்பறைக்கு எழுந்து ஓடக் கூடாது என்று பரீட்சை நோயாளிகள் எல்லோரும் அதை நைசாகத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவது வழக்கம். அவளும் தள்ளினாள். "கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு நேராக மாடிப்படிக்குப் போனாள்.

ஒரு மாடி ஏறினாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சு மிஷின் மாதிரி ஓடியது. 'அடி, நல்லா அடி. இன்னும் சத்தமா' என்று அதனிடம் சொன்னாள். இன்னொரு மாடியும் ஏறினாள். படிக்கட்டில் இறங்கிவந்த துப்புரவுக்காரர், "என்னம்மா, லிஃப்ட் இருக்கே" என்றார். "தெரியும்" என்று சொல்லக்கூட மூச்சில்லாமல் கையை ஆட்டினாள்.

கட்டிலுக்குத் திரும்பி வந்தபோது மணி அடித்துவிட்டது. திரைகளை இழுத்துவிட்டார்கள். இவளிடம் வந்து உட்கார்ந்தது ஒல்லியாக ஒரு பெண். கை வியர்த்து ஈரமாக இருந்தது. கோட்டுத் தோள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது, தைத்தவன் சரியில்லை.

"வணக்கம்மா. என்ன பண்ணுது உங்களுக்கு?"

"மூச்சு... வாங்குதும்மா. ரெண்டு மாடி... ஏறினா."

"இப்ப ஏறினீங்களா?"

விடையில் இல்லாத கேள்வி. தையல்காரம்மாவுக்குக் கோபம் வந்தது. "இல்ல."

"கால் வீக்கம்?"

"இல்ல."

"எத்தனை தலகாணி வச்சுப் படுப்பீங்க?"

"ரெண்டு."

"ஐயோ, பொய் டாக்டர்!" திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். புதுசுதான். தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மாணவனை அம்போ என்று விட்டுவிட்டுத் திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "அக்கா படுக்கவே இல்ல. ராத்திரி பூரா உக்காந்துதான் இருந்தாங்க, எத்தனை தடவை முழிச்சுப் பாத்தாலும் உக்காந்துதான் இருந்தாங்க. நீங்க அந்தக் காலுறையைக் கழட்டிப் பாருங்க!"

பரீட்சை ஹாலில் நோயாளிகள் ஒருத்தரை ஒருத்தர் காட்டிக்கொடுத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. மூலைக்கு மூலை திரைகள் விலகின. பரீட்சகர் ஒருத்தர், "உஷ்! என்ன அங்கே?" என்று அதட்டினார்.

தையல்காரம்மாவுக்குக் கண் இருட்டியது. இத்தனை வருஷம் கட்டிக்காத்த பேர், இத்தனை பேர் முன்னால், அதுவும் இவள் வாயால்! "பொறாமை பிடிச்சவளே!" என்று கத்தினாள். "என்னைப் பாத்து... உனக்கு... வயித்தெரிச்சல்டி..." அதற்குமேல் வார்த்தை வரவில்லை. காற்றை இழுத்தால் உள்ளே தண்ணீர் கொதிக்கிற மாதிரி களகளவென்று சத்தம்தான் வந்தது. உதடு நீலம் பாய்ந்தது.

ஒல்லிப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். "ஆக்சிஜன்!" என்று கத்தியபடி கட்டில் கைப்பிடியைச் சுற்றித் தலைமாட்டை உயர்த்தினாள். அவளைத் தூக்கி உட்காரவைத்து, முதுகைத் தன் தோளில் தாங்கிக்கொண்டாள். பரீட்சை, மார்க்கு, மணி எல்லாம் அவளுக்கு மறந்துபோயிருந்தது. அந்தத் தோளில் தலை சாய்ந்திருந்தபோது தையல்காரம்மாவுக்குக் கடைசியாக ஓடிய நினைப்பு, இந்தக் குழந்தை இன்னும் என் சத்தத்தையே கேட்கவில்லையே என்பதுதான்.

ஊசி போட்டு, நுரையீரலில் கோத்த நீரை இறக்கி, ஸ்கேன் எடுத்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தீவிர சிகிச்சை அறையில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். மூக்கில் குழாய். பக்கத்தில் புருஷன், காக்கிச் சட்டையோடு. யாரோ போன் போட்டு எழுப்பியிருக்கிறார்கள், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருந்தார். பெரிய டாக்டர் வந்தார். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார், கண்ணை மூடினார். ரொம்ப நேரம் கேட்டார். ஆஹா என்று சொல்லவில்லை.

"உண்மையைச் சொல்லுங்கம்மா. எவ்வளவு நாளா படுக்க முடியலை?"

"ஒரு வருஷமா."

"ஏம்மா சொல்லலை?"

"நீங்கதானே சார் கதையை மாத்தக் கூடாதுன்னீங்க."

பெரிய டாக்டர் பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "அது பரீட்சைக்குச் சொன்னதும்மா. பரீட்சைக்கு மட்டும்." குரல் அவருக்கே கேட்டிருக்காது. "நானாவது விசாரிச்சிருக்கணும்."

பழியெல்லாம் அவர் தலையில் போய் உட்காருவதை அவள் பார்த்தாள். அப்படியே விட்டுவிட்டிருக்கலாம். ஆனால் களைப்பில் பொய் சொல்லவும் தெம்பில்லை. "இல்ல சார். எனக்குத் தெரியும். அவ இருக்கும்போது நான் போயிடக் கூடாதுன்னுதான் சொல்லலை. சத்தம் போயிட்டா என்னைக் கூப்பிட மாட்டீங்கல்ல. அதான் ஏற்கெனவே போயிடுச்சே, தேறாதுன்னு சொல்லிட்டீங்களே."

"சத்தம் கொறைஞ்சது நோய் கொறைஞ்சதால இல்லம்மா. வழி அவ்வளவு சின்னதாயிடுச்சு. ரத்தம் போனாத்தானே சத்தம் கேக்கும்? போறதே இல்ல. நேத்து எங்களுக்கே அது உறைச்சிருக்கணும்."

அவள் மெதுவாகக் கேட்டாள். "அப்போ, அவளோடதைவிட என்னோடதுதான் பெருசா சார்?"

"எது?"

"நோய்."

"அவங்களோடது உங்களோடதுல பாதிகூட இல்லம்மா."

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட வேண்டியதுதான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரு வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தாள். ஆக்சிஜன் குழாய்க்குக் கீழே உதடு சிரித்தது. சிரித்தபடியே திரும்பினால், புருஷன் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த முதுகு அழுது அவள் பார்த்ததில்லை. சிரிப்பு வந்த வழியே போய்விட்டது.

"ஆபரேஷன் சீக்கிரம் பண்ணியாகணும்" என்றார் பெரிய டாக்டர். "ரெண்டு மாசத்துக்குத் தேதி எல்லாம் நிரம்பிக் கிடக்கு. ஆனா திங்கக்கிழமை ஒரு இடம் கிடைச்சிருக்கு. உங்க பக்கத்துக் கட்டில் பொண்ணு தன்னோடதை உங்களுக்குக் குடுத்துட்டாங்க. நான் கேக்கலை. அவங்களாவே வந்து, நான் ரெண்டு மாசம் தாங்குவேன், அக்கா தாங்க மாட்டாங்கன்னு சொன்னாங்க."

தையல்காரம்மாவுக்கு ஓங்கி ஒரு அறை விழுந்த மாதிரி இருந்தது. ஓடலாம், குதிக்கலாம் என்றவள். சத்தத்திலும் முந்தினாள், ஜன்னலையும் பிடித்தாள், கடைசியில் நல்லவளாக இருப்பதிலும் முந்திக்கொண்டாள். இனி இவள் எதில் போய் அவளை ஜெயிப்பது?

"வேண்டாம் சார். அவ குடுத்து நான் வாங்க மாட்டேன். என் முறை வரும்போது வரட்டும்."

"அதுவரைக்கும் நீங்க..." என்று ஆரம்பித்தார் பெரிய டாக்டர்.

புருஷன் திரும்பினார். முகத்தைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை. "டாக்டர், ஒரு நிமிஷம். நான் பேசிக்கறேன்" என்றார். அவர் பேசிக்கொள்கிறேன் என்று சொன்னதே பெரிய அதிசயம். கட்டிலை ஒட்டி வந்து நின்றார்.

"ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் வந்து உன் நெஞ்சுல காது வச்சாங்க. நான் வைக்கலை. தப்பு என்னோடதுதான், ஒத்துக்கறேன். ராத்திரில நீ தூங்கறியா முழிச்சிருக்கியான்னுகூட எனக்குத் தெரியலை. வேலையைப் பகலுக்கு மாத்திக்கறேன், நாளைக்கே எழுதிக் குடுக்கறேன். ஆனா அந்தப் பொண்ணு மேல இருக்கற கோவத்துல நீ செத்துப் போனேன்னா, நான் அந்த வீட்டுல யாரோட இருப்பேன்? சொல்லு. எனக்கு விடை சொல்லு."

இத்தனை வருஷத்தில் எத்தனையோ கேள்விகளுக்குத் தடுமாறாமல் விடை சொன்னவள் அவள். இதற்கு அவளிடம் விடை இல்லை. புருஷன் பதில் வரும் வரைக்கும் போகப்போவதில்லை என்கிற மாதிரி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவளைக் கூப்பிடுங்க" என்றாள் கடைசியில்.

நர்ஸ் போய் அழைத்து வந்தாள். புதுசு கதவருகிலேயே நின்றாள், அடி வாங்க வந்த குழந்தை மாதிரி. "அக்கா, கோவமா?"

"ஆமா."

"இன்னுமா?"

"இன்னும்தான். உன்னைப் பாத்தாலே எனக்கு எரியுது. இப்பவும் எரியுது, பொய் சொல்ல மாட்டேன்." மூச்சுக்காகக் கொஞ்சம் நிறுத்தினாள். "திங்கக்கிழமையை நான் எடுத்துக்கறேன்."

புதுசு சிரித்துக்கொண்டே அழுதாள். அவளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

"அழாத. அழுதா உனக்கு மூச்சு வாங்கும்" என்று அதட்டினாள் தையல்காரம்மா. "ரெண்டு மாசம் தாங்குவேன்னு சொல்லியிருக்க. தாங்கிக் காட்டணும். நடுவுல ஏதாவது ஆச்சுன்னா நான் உன்னைச் சும்மா விட மாட்டேன்."